“கடையை மூடிவிடுவோம்!”
பார்லிமெண்டுக்குச் சவால் விட்ட கம்பெனிகள்

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ந் தேதி. வியாழக்கிழமை.

ஆஸ்திரேலிய மக்கள் காலையில் எழுந்தார்கள். வழக்கம்போல் செல்போனை எடுத்தார்கள். ‘பேஸ்புக்’கைத் திறந்தார்கள்.

செய்திகளைக் காணோம்!

பத்திரிகைகளின் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. டெலிவிஷன் நிலையங்களின் பக்கங்களும் காலி. ரேடியோ நிலையங்களின் பக்கங்களும் காலி. ஒருவர் படித்த செய்தியை இன்னொருவருக்கு அனுப்ப முயன்றால் அதுவும் போகவில்லை.

அதோடு நின்றதா? இல்லை.

மழை, புயல் பற்றிச் சொல்லும் வானிலை இலாகாவின் பக்கம் காலி. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சுகாதார இலாகா பக்கம் காலி. மேற்கு ஆஸ்திரேலியாவின் தீயணைப்பு இலாகா பக்கமும் காலி!

பிப்ரவரி மாதம் அங்கே கோடைகாலம். காடுகள் தீப்பற்றி எரியும் காலம். கொரோனா நோய் உலகை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த நேரமும் அதுதான். தடுப்பு ஊசி போடும் வேலை அதற்கு அடுத்த வாரம் தொடங்க இருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் இவற்றை அழித்தது யார்? எதிரி நாடா? இல்லை. திருடர்களா? இல்லை. ‘பேஸ்புக்’ கம்பெனியேதான் அழித்தது.

எதற்காக?

அதற்கு முந்தின நாள் ஆஸ்திரேலியப் பார்லிமெண்டின் கீழ்-சபையில் ஒரு மசோதா நிறைவேறியது. அந்த மசோதா ‘பேஸ்புக்’ கம்பெனிக்குப் பிடிக்கவில்லை!

செய்தி போஸ்டர்

சண்டை என்ன என்பதைப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் செய்தி போஸ்டர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய எழுத்தில் ஒரு வரிதான் இருக்கும். அதைப் பார்த்ததும் முழு விவரமும் தெரிந்துகொள்ள ஆசை வரும். பத்திரிகையை வாங்குவீர்கள். போஸ்டரால் பத்திரிகைக்கும் லாபம், கடைக்காரருக்கும் லாபம்.

இப்போது ஒரு பெரிய கடையைக் கற்பனை செய்து பாருங்கள். ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்தக் கடை வழியாகத்தான் போகவேண்டும். எல்லாப் பத்திரிகைகளின் போஸ்டரும் அங்கே தொங்குகின்றன. பாதிப் பேர் போஸ்டரைப் படித்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். ஆனால் கடை முன்னால் எப்போதும் கூட்டம். அந்தக் கூட்டத்தைக் காட்டிக் கடைக்காரர் விளம்பரம் வாங்குகிறார். முன்பு பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் இப்போது அவரிடமே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பெரிய கடைதான் ‘கூகுள்’. இன்னொன்று ‘பேஸ்புக்’.

ஆஸ்திரேலியாவில் வியாபாரம் நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்க ஒரு கமிஷன் இருக்கிறது. அதன் தலைவராக அப்போது இருந்தவர் ராட் சிம்ஸ். இந்த இரண்டு கம்பெனிகளையும் பற்றி அந்தக் கமிஷன் நீண்ட விசாரணை நடத்தியது. 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் அறிக்கை வெளியிட்டது.

அப்போது ஆஸ்திரேலியாவின் ஜனத்தொகை சுமார் 2½ கோடி. அதில் 1 கோடியே 90 லட்சம் பேர் மாதந்தோறும் ‘கூகுள்’ தேடலைப் பயன்படுத்தினார்கள். 1 கோடியே 70 லட்சம் பேர் ‘பேஸ்புக்’ பார்த்தார்கள்.

விளம்பரக் கணக்கு இன்னும் வியப்பானது. இன்டர்நெட் விளம்பரத்துக்கு ஒருவர் 100 டாலர் செலவு செய்தால், அதில் ‘கூகுள்’ கம்பெனிக்கு 53 டாலர். ‘பேஸ்புக்’ கம்பெனிக்கு 28 டாலர். மற்ற எல்லோருக்கும் சேர்த்து 19 டாலர்! 2020-ம் ஆண்டில் சர்க்கார் சொன்ன கணக்கு இது.

ஊருக்கு ஒரு பத்திரிகை போயிற்று

இதனால் யாருக்கு நஷ்டம்? பத்திரிகை முதலாளிகளுக்கு மட்டும்தானா?

அப்படி இல்லை. 2008-ம் ஆண்டு முதல் 2018-ம் ஆண்டு வரை ஆஸ்திரேலியாவில் 106 உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டன. 21 நகராட்சிப் பகுதிகளில் உள்ளூர்ப் பத்திரிகை என்று ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது என்று கமிஷன் சொன்னது. 2020-ம் ஆண்டு மே மாதம் ‘நியூஸ் கார்ப்’ என்ற பெரிய பத்திரிகைக் கம்பெனி, தன்னுடைய 100-க்கு மேற்பட்ட உள்ளூர்ப் பத்திரிகைகளை அச்சிடுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

உள்ளூர்ப் பத்திரிகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து குறிப்பு எடுக்க ஆள் இருக்காது. ரோடு போட்ட பணம் எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இருக்காது. கோர்ட்டில் என்ன வழக்கு நடந்தது என்று ஊருக்குத் தெரியாது.

‘பேஸ்புக்’கும் ‘கூகுளு’ம் நிருபரை அனுப்பி இந்தச் செய்திகளைச் சேகரிப்பது இல்லை. மற்றவர்கள் சேகரித்ததைக் காட்டுகின்றன. சேகரிப்பவர் மறைந்துவிட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

ஆகவே சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவரத் தீர்மானித்தது.

சட்டம் என்ன சொன்னது?

2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி மசோதா கீழ்-சபைக்கு வந்தது. நிதி மந்திரி ஜோஷ் பிரைடன்பர்க் அதைக் கொண்டுவந்தார்.

மசோதாவின் சாரம் இதுதான்:

கம்பெனியும் பத்திரிகையும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். செய்திக்கு என்ன விலை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். 3 மாதத்தில் முடிவு ஏற்படாவிட்டால், நடுவர்கள் வருவார்கள்.

நடுவர் தீர்ப்பில் ஒரு புதுமை இருந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும். நடுவில் ஒரு தொகை சொல்லக்கூடாது!

நம் ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன நடக்கும்? ஒருவர் 1,000 கேட்பார். மற்றவர் 100 தருவதாகச் சொல்வார். பஞ்சாயத்தார் “சரி, 500 வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அது தெரிந்தே ஒருவர் கூட்டிக் கேட்பார், மற்றவர் குறைத்துச் சொல்வார். ஆஸ்திரேலியச் சட்டத்தில் அந்தத் தந்திரம் பலிக்காது. அநியாயமாகக் கேட்டால் மற்றவருடைய தொகையே தீர்ப்பாகிவிடும். ஆகவே இரண்டு பேரும் நியாயத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

சட்டத்தை மீறினால் அபராதம் 1 கோடி டாலர். அல்லது ஆண்டு வியாபாரத்தில் 10 சதவிகிதம். அல்லது மீறியதால் கிடைத்த ஆதாயத்தைப் போல் 3 மடங்கு. இவற்றில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம்.

ஆளுங்கட்சி கொண்டுவந்த இந்த மசோதாவை எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் ஆதரித்தது.

கமிட்டி முன் சாட்சி

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி. மேல்-சபையின் கமிட்டி மசோதாவை விசாரித்தது. ‘கூகுள்’ கம்பெனியின் ஆஸ்திரேலியத் தலைவி மெல் சில்வா சாட்சி சொன்னார்.

“இந்த மசோதா இப்படியே சட்டமானால், ஆஸ்திரேலியாவில் ‘கூகுள்’ தேடலை நிறுத்துவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை” என்பதுதான் அவர் சொன்னதன் கருத்து.

உறுப்பினர்கள் திடுக்கிட்டார்கள். அந்த நாட்டில் 100 தேடலில் 94 தேடல் ‘கூகுள்’ மூலம்தான் நடந்துகொண்டிருந்தது. டாக்டரைத் தேடுவதும் அதில்தான். கடையைத் தேடுவதும் அதில்தான்.

ரெக்ஸ் பாட்ரிக் என்ற மேல்-சபை உறுப்பினர் மடக்கினார். “இதே சட்டத்தை மற்ற நாடுகளும் கொண்டுவந்தால் எல்லா நாட்டை விட்டும் போய்விடுவீர்களா?” என்ற கருத்தில் கேட்டார். ஆஸ்திரேலியா முன்மாதிரி ஆகிவிடக்கூடாது என்பதுதான் கம்பெனியின் கவலையா என்றும் கேட்டார்.

அன்றைக்கே பிரதம மந்திரி ஸ்காட் மாரிசன் பதில் சொன்னார். “ஆஸ்திரேலியாவில் என்ன செய்யலாம் என்ற விதியை ஆஸ்திரேலியாதான் வகுக்கும். அது எங்கள் பார்லிமெண்டில் நடக்கும். மிரட்டலுக்கு நாங்கள் பதில் சொல்வது இல்லை” என்ற பொருளில் அவர் பேசினார்.

கம்பெனிகளின் நியாயம்

கம்பெனிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் கேட்க வேண்டும்.

“பத்திரிகைகளின் செய்தியை நாங்கள் திருடவில்லை. அவர்களேதான் எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறார்கள். அதைத் தொட்டு அவர்களுடைய பக்கத்துக்கு லட்சோபலட்சம் பேர் போகிறார்கள். அப்படிப் போனவர்கள் கணக்கு 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 510 கோடி தடவை. அதன் மதிப்பு 40 கோடி டாலருக்கு மேல். எங்கள் பக்கத்தில் மக்கள் பார்ப்பதில் செய்தி 100-க்கு 4 பங்குகூட இல்லை” என்று ‘பேஸ்புக்’ சொன்னது.

அதாவது, “போஸ்டரைத் தொங்கவிட இடம் கொடுத்ததற்கு நானா பணம் தரவேண்டும்?” என்று கடைக்காரர் கேட்டார்.

‘இணைய வலை’ என்ற அமைப்பைக் கண்டுபிடித்த ஆங்கில விஞ்ஞானி டிம் பெர்னர்ஸ் லீயும் கமிட்டிக்கு எழுதினார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி காட்டுவதற்குப் பணம் கேட்டால், வலையின் அடிப்படையே கெட்டுவிடும் என்று அவர் கவலைப்பட்டார். கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் சொன்னது அல்ல இது. ஆகவே அந்த வாதத்துக்கு மதிப்பு இருந்தது.

இதற்கிடையில் மூன்றாவது ஆசாமி ஒருவர் உள்ளே நுழைந்தார். ‘மைக்ரோசாப்ட்’ கம்பெனிக்கும் ஒரு தேடல் உண்டு. அதன் பெயர் ‘பிங்’. “இந்தச் சட்டம் எங்களுக்குச் சம்மதம்” என்று அந்தக் கம்பெனி பிப்ரவரி 3-ந் தேதி அறிவித்தது. எதிர்க்கடை மூடினால் நம் கடையில் கூட்டம் சேரும் அல்லவா!

அதன்பிறகு ‘கூகுள்’ இறங்கி வந்தது. பெரிய பத்திரிகைக் கம்பெனிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பந்தம் செய்துகொண்டது. பிப்ரவரி 17-ந் தேதி ‘நியூஸ் கார்ப்’ கம்பெனியோடும் ஒப்பந்தம் முடிந்தது. ‘கூகுள்’ நாட்டை விட்டுப் போகவில்லை.

ஆனால் ‘பேஸ்புக்’ இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில்தான் செய்திகள் மறைந்தன.

பேச்சுவார்த்தை

நாடெங்கும் கூச்சல் எழுந்தது. குடும்பத்தில் அடிபடும் பெண்களுக்கு உதவும் சங்கங்கள், தர்ம ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பக்கங்களும் மறைந்திருந்தன. அவசரத்தில் ‘பேஸ்புக்’ கம்பெனி தன் சொந்தப் பக்கத்தையே அழித்துக்கொண்ட வேடிக்கையும் நடந்தது!

“செய்தி என்றால் என்ன என்று மசோதா தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் வலையை அகலமாக வீசினோம். தவறாகச் சிக்கிய பக்கங்களைத் திருப்பித் தருகிறோம்” என்று கம்பெனி சமாதானம் சொன்னது. சர்க்கார் இலாகாக்களின் பக்கங்கள் பல, அன்றைக்கே திரும்பி வந்தன.

மாரிசன் கோபமாக அறிக்கை விட்டார். சுகாதாரச் செய்தியையும் அவசரச் செய்தியையும் வெட்டியது அகந்தை என்று கண்டித்தார். அந்த அறிக்கையை எங்கே வெளியிட்டார் தெரியுமா? ‘பேஸ்புக்’கில்தான்!

இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியோடு டெலிபோனில் பேசியபோது இந்த விஷயத்தையும் அவர் சொன்னார்.

நிதி மந்திரி பிரைடன்பர்க்கும், ‘பேஸ்புக்’ அதிபர் மார்க் ஜுக்கர்பர்க்கும் பல தடவை பேசினார்கள். ஒருவர் ஒரு நாட்டின் கஜானாவைப் பார்த்துக்கொள்பவர். மற்றவர் ஒரு கம்பெனியின் தலைவர். இரண்டு சர்க்கார்கள் பேசுவதுபோல் அந்தப் பேச்சு நடந்தது.

23-ந் தேதி உடன்பாடு ஏற்பட்டது. மசோதாவில் சில திருத்தங்கள் செய்யச் சர்க்கார் சம்மதித்தது. ஒரு கம்பெனி தானாகவே பத்திரிகைகளோடு போதுமான ஒப்பந்தம் செய்திருந்தால், அதைக் கவனித்த பிறகே சட்டத்தை அதன்மீது ஏவவேண்டும். ஏவுவதற்கு 1 மாதம் முன்னால் நோட்டீசு கொடுக்க வேண்டும். நடுவரிடம் போவதற்கு முன் சமரசம் பேச 2 மாதம் அவகாசம் தரவேண்டும். இவை முக்கியமான திருத்தங்கள்.

24-ந் தேதி மேல்-சபையில் மசோதா நிறைவேறியது. 25-ந் தேதி திருத்தங்களைக் கீழ்-சபை ஏற்றது. செய்திகள் திரும்பி வந்தன.

யார் ஜெயித்தார்கள்?

சர்க்கார், தான் ஜெயித்ததாகச் சொன்னது. சட்டம் நிறைவேறிவிட்டது அல்லவா? 30-க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. ஆண்டுக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பத்திரிகைகளுக்குக் கிடைத்ததாக ராட் சிம்ஸ் மதிப்பிட்டார். நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். புதிய நிருபர்களுக்கு வேலை கிடைத்தது.

ஆனால் கம்பெனிகளும் தோற்கவில்லை. சட்டம் உறையில் போட்ட கத்தியாகவே இருந்தது. ‘கூகுள்’ மீதோ ‘பேஸ்புக்’ மீதோ ஏவப்படவில்லை. யாரோடு ஒப்பந்தம், யாரோடு இல்லை என்பதைக் கம்பெனியே முடிவு செய்தது. பல மொழிகளில் செய்தி தரும் ‘எஸ்.பி.எஸ்.’ ஒலிபரப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் செய்ய ‘பேஸ்புக்’ மறுத்துவிட்டது. பெரிய பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு கிடைத்தது என்றும், சின்னப் பத்திரிகைகள் பல வெளியே நின்றன என்றும் குறை சொல்லப்பட்டது.

2024-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அடுத்த அடி விழுந்தது. ‘பேஸ்புக்’கின் தாய்க் கம்பெனியான ‘மெட்டா’, பழைய ஒப்பந்தங்கள் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் செய்யப்போவது இல்லை என்று அறிவித்தது.

அப்போது வேறு சர்க்கார் பதவியில் இருந்தது. டிசம்பர் மாதம் அது ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள பெரிய கம்பெனிகள் ஒரு கட்டணம் கட்டவேண்டும். பத்திரிகைகளோடு ஒப்பந்தம் செய்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். செய்தியைத் தூக்கி எறிந்தாலும் கட்டணத்திலிருந்து தப்பமுடியாது. முதல் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்கும் யோசனை இது.

கனடாவில் காட்டுத் தீ

ஆஸ்திரேலியாவைப் பார்த்துக் கனடாவும் இதேபோல் சட்டம் கொண்டுவந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி அது நிறைவேறியது.

‘கூகுள்’ பேச்சுவார்த்தை நடத்தியது. ஆண்டுக்கு 10 கோடி கனடா டாலர் தருவதாக நவம்பரில் ஒப்புக்கொண்டது.

‘மெட்டா’ பேச மறுத்தது. ஆகஸ்டு 1-ந் தேதி முதல் கனடாவில் செய்திகளை நிறுத்தியது. இந்தத் தடவை ஒரு வாரத்தில் திரும்ப வரவில்லை.

அதே ஆகஸ்டு மாதம் கனடாவின் வடக்கே பெரிய காட்டுத் தீ மூண்டது. எல்லோனைப் என்ற நகரத்தை நோக்கித் தீ நகர்ந்தது. சுமார் 20 ஆயிரம் மக்கள். எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று 16-ந் தேதி உத்தரவு வந்தது.

எந்த ரோடு திறந்திருக்கிறது? எங்கே தங்க இடம் இருக்கிறது? தீ எவ்வளவு தூரத்தில் வருகிறது? உள்ளூர்ச் செய்தி நிலையங்கள் மணிக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தச் செய்தியை ‘பேஸ்புக்’கில் அனுப்ப முடியவில்லை. மக்கள் செய்தியைப் படம்பிடித்து, படத்தை அனுப்பிச் சமாளித்தார்கள்.

மக்களின் பாதுகாப்பைவிட லாபத்தைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று பிரதம மந்திரி ஜஸ்டின் ட்ரூடோ கண்டித்தார். சர்க்காரின் பக்கங்களைத் தாங்கள் தடுக்கவில்லை என்று கம்பெனி பதில் சொன்னது.

சுவர் யாருடையது?

பணம் யாருக்கு எவ்வளவு என்பது கம்பெனிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் உள்ள வழக்கு. அதில் நியாயம் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

தீ வருகிறது என்ற நோட்டீசைச் சர்க்கார் எங்கே ஒட்டியிருந்தது? ஒரு தனியார் கம்பெனியின் சுவரில்! சுவர் இலவசமாகக் கிடைத்தது. அங்கேதான் கூட்டமும் இருந்தது. ஆகவே எல்லா இலாகாக்களும் அங்கே போய் ஒட்டின. நாளடைவில் அது பொதுச் சுவர் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். சுவரின் சொந்தக்காரர் ஒரு நாள் சுண்ணாம்பு அடித்தபோதுதான் உண்மை தெரிந்தது.

கம்பெனிகளைக் கேள்வி கேட்கப் பார்லிமெண்டு இருக்கிறது. அங்கே வாதம் நடக்கும், ஓட்டெடுப்பு நடக்கும், சட்டம் வரும். அதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். தீயும் வெள்ளமும் அதுவரை காத்திருக்குமா?

உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கே செல்போனில் இந்த ஒரு பக்கம் மட்டும் திறக்காமல் போனால், புயல் வருகிறது என்ற செய்தி நமக்கு எப்படி வந்து சேரும்? ரேடியோவில் கேட்போமா? தாலுகா ஆபீஸ் டெலிபோன் எண் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

பதில் தெரியாவிட்டால், இன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணை எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அந்தச் சுவர் உங்களுடையது!